எழுபத்திரண்டு மணித்தியாலம்

மார்ச் கடைசியில் கொரோனாவுக்காகக் கடையைப் பூட்டும்போது றோஸ்மலர் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். மறுபடி திறக்கும்வரை வாசலில் எதையும் வைக்க வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். பதினொரு கிழமை கழித்து, ஜூன் எட்டாம் திகதி திங்கட்கிழமை காலை அவள் திறப்புக் கொத்தோடு வந்து நின்றபோது அந்தத் தாளின் மேல்பாதி மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு உயரத்துக்குக் கறுப்புப் பைகள் குவிந்து கிடந்தன. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, சிலதை நரி கிழித்து, நடைபாதையில் ஒரு தனிக் காலுறையும் பாதிப் பொம்மையும் இழுபட்டுக் கிடந்தன.

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரின் கடைத்தெருவில் இருந்த அந்தச் சரிட்டி கடைக்கு அவள் மனேஜராகி ஆறு வருடம். சனங்கள் தானமாகக் கொடுக்கும் பழைய உடுப்பு, பாத்திரம், புத்தகங்களை விற்று, வருமானத்தை நோயாளிகளுக்குக் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. அடுத்த திங்கள், பதினைந்தாம் திகதி, நாடு முழுக்கக் கடைகள் திறக்கலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தலைமை அலுவலகம் முப்பத்திரண்டு பக்க அறிவுறுத்தல் அனுப்பியிருந்தது. காசு வாங்கும் மேசைக்கு முன்னால் கண்ணாடித் தட்டி. நிலத்தில் இரண்டு மீற்றருக்கு ஒரு கோடு. உடுப்புப் போட்டுப் பார்க்கும் அறைக்குப் பூட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: உள்ளே வரும் எந்தப் பையும் எழுபத்திரண்டு மணித்தியாலம் பின்னறையில் தனியே கிடக்க வேண்டும். வந்த நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்ட வேண்டும். அதற்கு முன் ஒருவரும் கை வைக்கக் கூடாது.

றோஸ்மலருக்கு அந்த விதி பிடித்திருந்தது. மூன்று மாதமாக எங்கே இருக்கிறது, எதில் இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்குப் பயந்து கிடந்த மனதுக்கு, இத்தனை மணித்தியாலம் என்று ஒரு கணக்குக் கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. பின்னறையின் நடுவில் மஞ்சள் நாடாவால் கோடு ஒட்டினாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் புதிய பைகள். இந்தப் பக்கம் காவல் முடிந்தவை.

தொண்டர்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் வர ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்திக்கு நீரிழிவு, ஒருத்திக்கு வீட்டில் கைக்குழந்தை, மற்றவர்களுக்குப் பயம். வந்தவர் பெனடிக்ற் மட்டும்தான்.

மன்னார்க்காரர். இவள் போகும் அதே மாதா கோயிலுக்கு வருபவர். இருபத்தைந்து வருடம் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். கசங்கிய சேட்டுக்கு ஆவி பிடித்துப் புதிதுபோலத் தொங்கவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கென்று வந்த படிவத்தை றோஸ்மலர் நிரப்பினாள். எழுபது வயதுக்கு மேற்பட்டவரா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்றால் வேலைக்கு எடுக்கக் கூடாது. பேனா அந்த இடத்தில் நின்றது.

"என்ன பிள்ளை யோசிக்கிறாய்? பாஸ்போட்டிலை அறுபத்தாறுதானே," என்று பெனடிக்ற் சிரித்தார்.

அவர் எண்பத்தொன்பதாம் ஆண்டில் இந்த நாட்டுக்கு வந்தபோது, கூட்டிவந்த ஏஜென்ற் எட்டு வயதைக் குறைத்துப் போட்டிருந்தான். அந்த வயதே பிறகு எல்லாக் கடதாசியிலும் நிலைத்துவிட்டது. கோயிலில் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது பக்கத்தில் நின்று படம் எடுத்தவளே றோஸ்மலர்தான். அது நாலு வருடத்துக்கு முன்.

அவர் இல்லாவிட்டால் திங்கட்கிழமை கடை திறக்க ஏலாது. 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

அன்று பின்னேரம் கடையின் பின்வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. ஆற்றங்கரைப் பக்கம் இருந்த முதியோர் இல்லத்தின் வான். அங்கே குழாய், மின்விளக்குத் திருத்துகிற வெள்ளைக்காரன்தான் ஓட்டி வந்தான். முகம் சிவந்து, கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. ஐந்து பைகளை இறக்கினான். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துண்டு. துண்டில் ஒரு அறை இலக்கம்.

ஒரு மாதமாகப் பூட்டிய அறையில் இருந்த சாமான்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுக் குனிந்து இருமினான். புல் மகரந்தம் ஒத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு ஜூனிலும் இப்படித்தான் என்றான். பெனடிக்ற் போய் அவனோடு ஒரு கை பிடித்துப் பைகளை உள்ளே கொண்டுவந்தார்.

"அண்ணை, தள்ளி நில்லுங்கோ!" என்று றோஸ்மலர் கத்தினாள்.

"தூக்கிற பாரத்தை ரெண்டு மீற்றர் தள்ளி நிண்டு எப்பிடியம்மா தூக்கிறது?"

அவள் பைகளில் நேரத்தை எழுதினாள். திங்கள், மூன்று மணி பத்து நிமிடம். பிறகு இருவரும் பின்பக்கத்து மூலையில் இருந்த சின்னக் குசினிக்குள் போய், அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்கள். அலமாரி அளவுதான் அந்த இடம். மூன்று மாதம் ஆளோடு ஆள் கதைக்காமல் இருந்த குறை தீர அரை மணித்தியாலம் கதைத்தார்கள்.

அந்த இல்லத்தில்தான் றோஸ்மலரின் தங்கை றஜீனா வேலை செய்தாள். செவன் கிங்ஸ் பகுதியில் இரண்டு அறை வீடு. அக்காவும் தங்கையும் மட்டும். றஜீனா விடிய ஆறு மணிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவாள். கொஞ்ச நாளாக அவளுடைய போக்குச் சரியில்லை. வந்ததும் நேரே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். சாப்பாட்டைக் கதவடியில் வைக்கச் சொல்வாள். முதலில் ஏதோ கோபம் என்று நினைத்தாள் றோஸ்மலர். பிறகு களைப்பு என்று நினைத்தாள்.

"உங்கட இடத்திலையிருந்து அஞ்சு பை வந்தது," என்று அன்று கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"றஜீனா?"

"பழைய சாமான் அக்கா. ஏப்ரலிலை போன ஆக்களின்ரை."

"இப்ப அங்கை ஒருத்தருக்கும் அந்த வருத்தம் இல்லையே?"

"இல்லை. எல்லாரும் சுகம். நான் படுக்கப் போறன்."

புதன்கிழமை வான் மறுபடி வந்தது. ஒன்பது பைகள். இந்த முறை ஓட்டி வந்தது வேறு ஆள். அவன் வானைவிட்டு இறங்கவே இல்லை. பின்கதவைத் திறந்துவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையால் காட்டினான். முதல் வந்தவர் எங்கே என்று றோஸ்மலர் கேட்டாள். லீவு என்றான். எப்போது வருவார் என்றதற்குத் தோளைக் குலுக்கினான்.

கடைக்குள் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. கண்ணாடித் தட்டி வந்தது. கை சுத்தம் செய்யும் திரவம் பெரிய போத்தல்களில் வந்தது. நிலத்தில் கால் அடையாளங்கள் ஒட்டினார்கள். ஏரியா மனேஜர் ஹெலன் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்தப் பகுதியில் முதலில் திறக்கிற கடை உங்களுடையதுதான், உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டாள். றோஸ்மலரும் சந்தோஷப்பட முயன்றாள். ஆனால் பின்னறைக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய கண் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. நாலு, ஏழு, பதினொன்று, பதினெட்டு, இருபத்திரண்டு. அறை இலக்கங்களை அவள் ஒரு தாளில் எழுதத் தொடங்கியிருந்தாள். எதற்கு எழுதுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு பைகள் வந்தன. தாளில் இப்போது பதினேழு அறைகள். அந்த இல்லத்தில் மொத்தம் நாற்பத்திரண்டு அறைகள் என்று றஜீனா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது.

கடைசிப் பையைக் கோட்டைத் தாண்டி வைக்கும்போது அதன் மூலை கிழிந்து ஒரு நாட்காட்டி வழுக்கி விழுந்தது. கண் மங்கியவர்களுக்கென்று பெரிய எழுத்தில் அச்சடித்தது. ஜூன் மாதம் விரிந்து கிடந்தது. முடிந்த நாள் ஒவ்வொன்றையும் யாரோ சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு இழுத்து வெட்டியிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போய், ஏழாம் எட்டாம் திகதிகளில் கோடு கட்டத்தைவிட்டு வெளியே ஓடியிருந்தது. பத்தாம் திகதியில் ஒரே ஒரு கோடு. மற்றக் கோட்டை இழுக்கவில்லை.

பத்தாம் திகதி என்றால் புதன். நேற்றுக்கு முதல் நாள்.

ஒரு மாதம் பூட்டிய அறையில் இருந்த சாமான் என்று சொல்லித்தானே கொண்டுவந்தார்கள்? றோஸ்மலர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவினாள். இன்னொரு தடவை கழுவினாள். வெளியே பெனடிக்ற் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சேட்டுகளைக் கொழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இண்டைக்கு இவ்வளவு காணும். வீட்டை போங்கோ."

"இன்னும் ரெண்டு றெயில் உடுப்புக் கிடக்கு."

"நாளைக்குப் பாப்பம். போங்கோ."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு ஆசனம் விட்டு ஒரு ஆசனத்தில்தான் இருக்க விட்டார்கள். இல்ஃபோர்டில் இறங்கி மற்றப் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது வெயில் இன்னும் சாயவில்லை. கடைகளின் இரும்புக் கதவுகளில் 'திங்கள் திறக்கிறோம்' என்று பலூன் படம் போட்ட தாள்கள் ஒட்டியிருந்தன.

றஜீனா வந்து கதவைச் சாத்திக்கொண்டதும் றோஸ்மலர் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பத்தாம் திகதி ஆர் செத்தது?"

றோஸ்மலர் கதவில் தட்டினாள்.

"நாட்காட்டி வைச்சிருந்த ஆள். சிவப்புப் பேனையாலை வெட்டுறவர். ஆர் அது?"

உள்ளே இருந்து குரல் வந்தது. "மனுசி. இருபத்தாறாம் அறை. எனக்கு ஒவ்வொரு நாளும் குட் மோர்னிங் சொல்லுறவ."

"எத்தினை பேர் றஜீனா?"

"மே கடைசியிலையிருந்து பதினாலு. மூண்டு பேர் ஆஸ்பத்திரியிலை." அவள் கதவுக்குக் கிட்ட வந்து நிலத்தில் உட்காருவது கேட்டது. "மனேஜர் எல்லாரையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினவ. வெளியிலை கதைச்சால் வேலை போகுமெண்டு. டெஸ்ற் எடுத்தால் வேலைக்கு ஆக்கள் போதாமல் போகுமெண்டு டெஸ்ற்றும் எடுக்க விடேல்லை. என்ர விசா விசயம் இன்னும் முடியேல்லை அக்கா. வேலை இல்லையெண்டால் என்ன செய்யிறது?"

"அதுக்காக என்னட்டையும் பொய் சொன்னனி."

"அதுக்குத்தானே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறன். உங்களுக்கு வரக்கூடாதெண்டு."

றோஸ்மலர் அந்த மூடிய கதவையே பார்த்தபடி இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே குளியலறை, ஒரே தேத்தண்ணிக் கேத்தில். எந்த நாளிலிருந்து கதவைச் சாத்தத் தொடங்கினாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை அவள் கடைக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. பெனடிக்ற்றிடம் மற்றத் திறப்பு இருந்தது. மிஞ்சிய இரண்டு றெயிலையும் முடித்துவிடலாம் என்று எட்டு மணிக்கே வந்து ஆவி இயந்திரத்தைப் போட்டிருந்தார். கடை முழுக்க வெள்ளைப் புகைபோல நீராவி நின்றது. நடுவில் அவர் நின்று சிரித்தார்.

"பிள்ளை, நல்லாக் கழுவியிருக்கிறாய். இவ்வளவு வருசமாய் இந்தக் கடையிலை ஒரு பழந்துணி மணம் இருந்தது. இண்டைக்கு ஒரு மணமும் இல்லை."

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நீராவியில் நனைந்த பழைய கம்பளியின் நெடி அவளுடைய மூக்கை அடைத்துக்கொண்டிருந்தது.

மேசையில் கை சுத்தம் செய்யும் திரவம் இருந்தது. மதுச்சாராய வாடை மண்டையில் ஏறும் சாமான். "அண்ணை, அந்தப் போத்தலை மணந்து பாருங்கோ," என்றாள்.

அவர் மூடியைத் திறந்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். மறுபடி மணந்தார். சிரிப்பு மெல்லக் கழன்று விழுந்தது.

"தடிமன் போலை, மூக்கடைப்பு," என்றார். போத்தலை மூடிவிட்டு, மனைவியை நினைத்து, "அருமைநாயகிக்குச் சொல்லாதை," என்றார்.

அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டி, நடைபாதையில் நின்றபடியே ஹெலனைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். ஹெலனோ, சுத்தம் செய்கிறவர்களை ஞாயிறு அனுப்புகிறேன், வேறு கடையிலிருந்து இரண்டு பேரைத் தருகிறேன், திங்கள் பத்து மணிக்குத் திறந்துவிடலாம் என்றாள்.

"திறக்க ஏலாது, ஹெலன்."

"பத்திரிகைக்காரர் வருகிறார்கள். அந்தப் பைகளை அப்புறப்படுத்தினால் போதும். உங்களுடைய தொண்டருக்கு அறுபத்தாறு வயதுதானே? லேசாக வந்து போய்விடும்."

தெருவில் ஒரு பெண் தன் பிள்ளையின் கையைப் பிடித்தபடி றோஸ்மலரை விலத்திக்கொண்டு போனாள்.

"அறுபத்தாறு இல்லை," என்றாள். "எழுபத்திநாலு. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்து வைத்தேன்."

பிறகு ஹெலனின் குரல் மாறியது. திறப்பைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றது.

அவள் திறப்பைக் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் நாட்காட்டியைப் பற்றியும் பதினேழு அறைகளைப் பற்றியும் கவுன்சிலின் சுகாதாரப் பகுதிக்குச் சொன்னாள். இடையில் அறைக்கதவு திறந்தது. றஜீனா முகக்கவசத்தோடு வாசற்படியில் நின்று, தொலைபேசியை நிலத்தில் வைத்துத் தன் பக்கம் தள்ளிவிடும்படி கையைக் காட்டினாள். பிறகு அவளே பதினாலு பேரின் அறை இலக்கங்களையும் நாட்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதற்காக அவளுடைய வேலை இரண்டு நாளில் போனது.

திங்கட்கிழமை நகரம் திறந்தது. தொலைக்காட்சியில் நீண்ட வரிசைகளைக் காட்டினார்கள். பார்க்கிங் கடை மட்டும் இருண்டு கிடந்தது. அன்று மத்தியானம் பெனடிக்ற்றை அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. பாஸ்போட் வயதைக் கேட்டு எழுதிய தாதியிடம், அது பிழை, உண்மை வயது இது என்று அருமைநாயகி வாசலில் நின்று கத்தினாளாம்.

சுகாதாரப் பகுதிக்காரர் இல்லத்தில் இருந்த எல்லாருக்கும் சோதனை செய்தார்கள். செவன் கிங்ஸ் வீட்டுக்கும் இரண்டு பெட்டி அனுப்பினார்கள். றஜீனாவுக்குத் தொற்று இருந்தது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை.

றோஸ்மலருக்கும் இருந்தது.

அவளுக்கும் ஒரு தும்மல்கூட வந்திருக்கவில்லை. சுகாதாரப் பகுதியிலிருந்து தொலைபேசியில் கதைத்த பிள்ளை, பத்து நாளாக யாரோடு பக்கத்தில் இருந்தீர்கள், பூட்டிய இடத்தில், பதினைந்து நிமிடத்துக்கு மேல், என்று கேட்டாள். றோஸ்மலர் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அலமாரி அளவுக் குசினி. முழங்கால் முட்ட இருந்து குடித்த தேத்தண்ணி. சாமான்களுக்கு எழுபத்திரண்டு மணித்தியாலம் காவல் போட்டவள், தன்னை மட்டும் ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்து உள்ளே விட்டிருக்கிறாள்.

வான்காரனிடமிருந்தும் தொற்றியிருக்கலாம், அப்படி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்று அந்தப் பிள்ளை சொன்னாள். வான்காரன் தூக்கி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை என்பது றோஸ்மலருக்குத் தெரியும்.

ஜூன் கடைசியில் ஹெலன் வேறு மனேஜரைப் போட்டுக் கடையைத் திறந்தாள். இல்லத்தின் மேல் விசாரணை தொடங்கியிருக்கிறது என்று பத்திரிகையில் நாலு வரி வந்தது. பெனடிக்ற் இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதில் ஒன்பது நாள் நினைவில்லாமல். ஜூலை எட்டாம் திகதி, பதினாறு கிலோ குறைந்து, பக்கத்தில் ஒக்சிசன் சிலிண்டரோடு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த நாள் றோஸ்மலர் அங்கே போனாள். தெருவோரப் படலைக்கு வெளியே நின்று தொலைபேசி அடித்தாள். அருமைநாயகி கதவைத் திறந்து வாசற்படியிலேயே நின்றாள். கிழவிக்கு மூன்று கிழமையில் பத்து வயது ஏறியிருந்தது.

"அக்கா, ஒண்டு சொல்லோணும்," என்றாள் றோஸ்மலர். "அது பையளிலையிருந்து வந்ததில்லை. என்னட்டையிருந்துதான் வந்திருக்கோணும்."

அருமைநாயகி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவரின்ரை உண்மை வயசு உனக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"தெரிஞ்சும் எடுத்தனி."

"ஓம் அக்கா."

அருமைநாயகி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் மட்டும் என்ன திறமே? மூண்டு மாசமாய் அந்த மனுசன் வீட்டுக்குள்ளை நடக்கிற சத்தம் கேட்டு எனக்கு விசர் பிடிச்சுப்போச்சு. போயிட்டு வாங்கோ, கடைக்குப் போயிட்டு வாங்கோ எண்டு நான்தான் சப்பாத்தை எடுத்து வைச்சனான்." குரல் உடையவில்லை. வெறுமனே சொன்னாள். "அவர் வான்காரனைத்தான் திட்டிக்கொண்டு கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வா. அந்தச் சன்னலடியிலை நிண்டு நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டன்."

"வாறன்."

உள்ளே இருமல் தொடங்கியது. இருவரும் பேச்சை நிறுத்தி அது முடியட்டும் என்று நின்றார்கள். முடியவில்லை. மூச்சு இழுபட்டு, அறுந்து, மறுபடி இழுபட்டது. அருமைநாயகி உள்ளே ஓடினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

றோஸ்மலர் படலையைப் பிடித்தபடி நின்றாள். அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.